வெட்டாத கைதட்டு

அப்பாவின் அழுகையை வெட்டி எடுத்துவிட்டு, அதே இடத்தில் அப்பாவின் சிரிப்பை ஒட்டிக்கொண்டிருந்தபோது அவளுக்குப் போன் வந்தது.

கையை எடுக்காமல் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். திரையில், மூன்றாவது வரிசையில், அப்பா தொடையில் அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"டீய வெச்சிட்டுத் திரும்பறேன், அப்பா போயிட்டாருடி" என்றாள் அம்மா.

"எங்க போயிட்டாரு?"

அம்மா மூக்கை உறிஞ்சினாள். அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு பொத்தானைத் தட்டினாள். அப்பா பாதிச் சிரிப்பில் நின்றார். வாய் திறந்தபடி, ஒரு கண் மட்டும் சுருங்கி, கை தொடைக்கு ஒரு சாண் மேலே தூக்கியபடி.

"எப்படிம்மா?"

"எப்படின்னா? நாற்காலியில உட்கார்ந்தபடியேதான். டீ கூட இன்னும் ஆறல."

அவள் எழுந்தாள். வேலை முழுவதும் இருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிப் பைக்குள் போட்டாள். ஏன் போட்டாள் என்று கேட்டால் அப்போது அவளுக்குத் தெரியாது. வீட்டுக்குக் கிளம்புகிறவள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொள்வது போலக் கை தானாகச் செய்தது. செய்தது நல்லதாகப் போயிற்று.

அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோதெல்லாம், 'டிவியில' என்று சொல்லித் தப்பித்தவள் அவள். 'டிவியில என்ன?' என்று அடுத்த கேள்வி வந்தால் பேச்சை மாற்றிவிடுவாள். போட்டி நிகழ்ச்சிகளில் பார்வையாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள் தாங்களாக வந்து உட்காருவதில்லை. வேன் அனுப்பி அழைத்து வரவேண்டும். தலைமுடி கலையாதவர்களை முன்னால், கொட்டாவி விடுகிறவர்களைப் பின்னால் உட்காரவைக்கவேண்டும். எப்போது தட்டவேண்டும், எப்போது எழுந்து நின்று தட்டவேண்டும், எப்போது வாயில் கை வைத்து 'ஐயோ' என்று பார்க்கவேண்டும் என்று சொல்லித்தரவேண்டும். கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு, அதன் மேல் ஏறி நின்று இதையெல்லாம் செய்தவர் அப்பா. வலது கையை உயர்த்தினால் கூட்டம் தட்டும். அந்தக் கை முஷ்டியாக மூடினால் கத்தி வைத்து அறுத்தது போல நிற்கும். நடுநடுவே நாக்கை மடித்து ஒரு விசில் அடிப்பார். அந்த விசில் விழுந்ததும் கூட்டத்துக்கு எங்கிருந்தோ இன்னும் கொஞ்சம் உயிர் வரும்.

எல்லோரும் அவரைக் கைதட்டண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளக் கவரில் மட்டும் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால் கேமரா ஓடும்போது அவர் மட்டும் ஒருநாளும் தட்டியதில்லை. "நானும் தட்ட ஆரம்பிச்சா அப்புறம் யாரு நிறுத்தறது?" என்பார். ஆனால் வராதவர்களின் நாற்காலி காலியாகத் தெரியக்கூடாது என்பதற்காக, படப்பிடிப்பு தொடங்கும் முன்பே அவரை மூன்றாம் வரிசையில் உட்காரவைத்து அழச் சொல்லியும் சிரிக்கச் சொல்லியும் எடுத்து வைத்துக்கொள்வார்கள். யாருக்காக அழுகிறார், எதற்குச் சிரிக்கிறார் என்பதெல்லாம் பிறகு எடிட்டிங் மேசையில் முடிவாகும்.

அந்த மேசையில்தான் அவள் வேலை பார்த்தாள். பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று, இன்று மாலை ஏழு மணிக்கு ஒளிபரப்பு. தோற்றுப்போன பெண் மேடையில் தடுக்கி விழப் பார்த்துச் சுதாரித்துக்கொள்ளும் இடத்தில் யாரோ அப்பாவின் அழுகையைப் போட்டிருந்தார்கள். அங்கே சிரிப்புதான் சரி என்று அவளுக்குத் தோன்றியது. அந்தப் பெண்ணே சிரித்திருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்திறங்கிவிட்டன. சாமியானா கட்டுகிறவர்கள் பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியில் கயிறு கட்டலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்கவைத்திருந்தார்கள். நெற்றியில் முடியைப் படிய வாரிவிட்டிருந்தது அம்மாவின் வேலை. உயிரோடு இருந்தவரை அதற்கு அவர் விட்டதே இல்லை.

அவள் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். உதடுகள் மூடியிருந்தன. இந்த முகம் அவளிடம் இல்லை. அழுகையில் பல ரகம், சிரிப்பில் அதைவிட அதிகம், வியப்பு, பதற்றம், பெருமிதம் எல்லாம் பெயர் போட்டு வைத்திருக்கிறாள். ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும் அப்பாவின் முகத்தை யாரும் எடுத்து வைக்கவில்லை. அதற்கு என்ன தேவை வரப்போகிறது?

அத்தைக்கு அவள் நின்ற நிலை பிடிக்கவில்லை. அப்பாவின் கூடப் பிறந்தவள். வந்ததிலிருந்து குரல் கொடுத்து அழுது களைத்துச் சுவரில் சாய்ந்திருந்தவள், பக்கத்திலிருந்தவர்களுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"கல்லு மாதிரி நிக்கறா பாரு. படிச்ச பொண்ணுங்க அழக்கூடாதுன்னு சட்டம் போட்டிருக்காங்களா?"

"அழுகை வரும்போது சொல்லியனுப்பறேன் அத்தை. பக்கத்துல வந்து உட்கார்ந்து பாருங்க."

"வாய் மட்டும் எங்கண்ணன் வாய்."

"அது அப்பா குடுத்தது. படிப்பு நான் வாங்கினது. ரெண்டையும் சேர்த்துத் திட்டாதீங்க."

அம்மா தலையைத் தூக்கி, "உன் அத்தையோட இன்னைக்குமா?" என்ற மாதிரி ஒரு பார்வை பார்த்தாள். அவள் போய் நாற்காலிகளை வரிசைப்படுத்த ஆரம்பித்தாள். அவளுக்குக் கைக்கு வேலை இருந்தால்தான் கால் நிற்கும்.

பகல் சாய்வதற்குள் வேன் வந்தது. அப்பா தினமும் ஏறி வரும் அதே வேன். அதிலிருந்து வழக்கமான ஆட்கள் இறங்கினார்கள். டிவியில் தட்டுவதையே ஆண்டுக்கணக்காகப் பிழைப்பாக வைத்திருப்பவர்கள். பழக்கத்தில் உயரமானவர்கள் பின்னாலும் குட்டையானவர்கள் முன்னாலுமாகத் தாங்களே நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டார்கள். முன்வரிசை அக்கா மட்டும் நேராக அவளிடம் வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கேமரா இருக்கும் பக்கத்துக் கண்ணில் மட்டும் தண்ணீர் வரவழைக்கத் தெரிந்தவள் என்று அந்த அக்காவுக்குப் பெயர்.

"இன்னைக்கு ரெண்டு கண்ணுலயும் வருது பாப்பா" என்றாள். "அண்ணன் பாத்தா திட்டும். 'எதுக்குடி வேஸ்ட் பண்ற, கேமரா பக்கம் போதும்'னு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அத்தை பார்ப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சற்று நேரத்தில் கறுப்புக் கார் ஒன்று தெருமுனையில் நின்றது. அதற்கு மேல் வர இடமில்லை. முதலில் சீஃப் இறங்கினார். நிகழ்ச்சிக்குப் பொறுப்பானவர், அவளுக்கு மேலதிகாரி. ஒரு கையில் மலர்வளையம், இன்னொரு கையில் லேப்டாப் பை. அவருக்குப் பின்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட, மேடையில் நிகழ்ச்சியை நடத்தும் தொகுப்பாளர் இறங்கினார். தெருவே எழுந்து நின்றது. செத்த வீடு என்பது ஒரு கணம் யாருக்கும் ஞாபகம் இல்லை. எதிர் மாடியில் போன்கள் உயர்ந்தன.

மலர்வளையத்தை வைத்து, இரண்டு பேரும் தலைகுனிந்து நின்று, அம்மாவிடம் கைகூப்பியான பிறகு, சீஃப் அவள் பக்கம் சாய்ந்து, "உள்ள கொஞ்சம் பேசலாமா?" என்றார்.

லேப்டாப் பையைப் பார்த்தபோதே அவளுக்கு விஷயம் பாதி விளங்கியிருந்தது.

உள் அறையில் கட்டில் முழுக்க அப்பாவின் துவைத்த சட்டைகள் கிடந்தன. மடித்து வைக்க யாருக்கும் நேரமில்லை. அவள் அவற்றை ஒதுக்கி இடம் பண்ணினாள். தொகுப்பாளர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். சீஃப் நின்றார்.

"இந்த நேரத்துல இத கேக்கக் கூடாதுதான்…"

"அப்ப கேக்காதீங்க சார்."

சீஃப் அதைக் கேட்காதது போலத் தொடர்ந்தார். "மேலிடத்துல ஒரு முடிவு எடுத்திருக்காங்க. உயிரோட இல்லாத ஒருத்தர் சிரிக்கிற மாதிரி, கைதட்டற கூட்டத்துல இருக்கற மாதிரி இன்னைக்குப் போகக் கூடாதுன்னு. அப்பா வர்ற ஷாட் எல்லாத்தையும் எடுத்துடணும். எது எங்க இருக்குன்னு உனக்குத்தான் தெரியும். டிஸ்க்கும் உங்கிட்டதான் இருக்கு."

"பாக்கறவங்களுக்கு அவரு யாருன்னே தெரியாதே சார். செத்துட்டாருன்னு மட்டும் எப்படித் தெரியும்?"

"விளம்பரம் குடுக்கறவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒருத்தர் ஜெயிக்கிற இடத்துல சாவு கலக்கக் கூடாதுங்கறாங்க. அவங்க நம்பிக்கை அது. நாம என்ன பண்ண முடியும்?"

அவள் கதவு வழியாக வெளியே பார்த்தாள். வழக்கமான ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. வேண்டுமென்று விட்டார்களா, தற்செயலா தெரியவில்லை. இத்தனை காலம் காலி நாற்காலியை அடைக்க அவரைத்தான் உட்காரவைத்தார்கள். இப்போது அவர் உட்கார்ந்த நாற்காலியைக் காலி பண்ணச் சொல்கிறார்கள். அதுவும் அவளையே.

"முடியாது சார்" என்றாள்.

"நீ செய்ய வேண்டாம்மா. உன் கஷ்டம் எனக்குப் புரியாதா? டிஸ்க்க மட்டும் குடு. ஆபீஸ்ல வேற ஆளு பாத்துக்குவாங்க."

"குடுக்கலன்னா?"

சீஃப் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர்தான். கெட்ட செய்தி சொல்லும்போது கண்ணைப் பார்க்க மாட்டார், அவ்வளவுதான். "உங்கப்பாவுக்கு நம்ம சேனல் எவ்வளவோ செஞ்சிருக்கு. உனக்கும் செஞ்சிருக்கு. கைதட்டண்ணன் பொண்ணுங்கறதுக்காகத்தான்…"

"இல்ல சார். நான் பரீட்சை எழுதி, மார்க் வாங்கி, நேர்முகத்துல உங்க மூணு பேரு முன்னாடி உட்கார்ந்து வேலைக்கு வந்தேன். அப்பா அன்னைக்கு வெளிய வேன்ல உட்கார்ந்திருந்தாரு. உள்ள வந்தா சிபாரிசுன்னு சொல்லிடுவீங்கன்னு பயந்துகிட்டு."

"குடுக்கலன்னா நாளையிலிருந்து இந்த வேலை உனக்கு இல்ல. நான் இல்ல, மேலிடம் சொல்லும். ஒரு இறுதிச் சுற்றையே தூக்கிட்டுப் போனவன்னு பேரு வந்தா வேற எந்தச் சேனல்லயும் உள்ள விட மாட்டாங்க. யோசிச்சுக்கோ."

யோசித்தாள். பொய் சொல்வானேன், பயமும் இருந்தது. வீட்டில் இனி அவள் சம்பளம் ஒன்றுதான். பட்டம் வாங்கிய முதல் ஆள், நிலையான சம்பளம் வாங்கிய முதல் ஆள், இரண்டும் அவள்தான். இந்தக் கதவு மூடிக்கொண்டால் அடுத்த கதவைக் காட்டச் சொந்தத்தில் யாரும் இல்லை. ஆனால் பயத்துக்கு மேலே வேறொன்று நிதானமாக எழுந்து உட்கார்ந்தது. தன் வேலை தனக்குத் தெரியும் என்கிற நிச்சயம் அது.

"சரி சார். எடுத்துடறேன்" என்றாள். "லேப்டாப்பக் குடுங்க. ஆனா முழுசா எடுத்துடறேன்."

சீஃப் பெருமூச்சு விட்டார். அவள் டிஸ்க்கை மாட்டினாள். நிகழ்ச்சி முழுவதும் வண்ண வண்ணக் கட்டங்களாகத் திரையில் விரிந்தது. மேலே படங்கள், கீழே சத்தங்கள். சத்தப் பட்டைகளில் பெரிதாக ஓடிய ஒன்றுக்கு யாரோ எப்போதோ 'அண்ணன்' என்று பெயர் போட்டிருந்தார்கள்.

"முகத்த மட்டும் எடுத்தா பாதி வேலைதான சார்? சாவு கலக்கக் கூடாதுன்னா சத்தமும்தான் போகணும். இதுல இருக்கற ஒவ்வொரு கைதட்டும் அவரு தட்ட வெச்சது. ஒவ்வொண்ணுலயும் அவரு விசில் இருக்கு. செத்தவரு விசில் அடிக்கலாமா?" என்று சொல்லி, அந்தப் பட்டையின் சத்தத்தை அணைத்தாள். பிறகு லேப்டாப்பைத் தொகுப்பாளரின் பக்கம் திருப்பினாள். "நீங்களும் பாருங்க சார். உங்க என்ட்ரிதான்."

திரையில் தொகுப்பாளர் ஒளிவெள்ளத்தில் படிக்கட்டு இறங்கி வந்தார். கைகளை அகல விரித்தார்.

சத்தமே இல்லை. அவருடைய காலணி படியில் பட்ட ஓசை மட்டும் 'டக், டக்' என்று கேட்டது.

"எல்லாரும் எப்படி இருக்கீங்க?" என்று திரையில் கூவினார்.

ஒரு பதிலும் இல்லை.

"கேக்கலையே! இன்னும் சத்தமா!" என்று காதில் கை வைத்துக் குனிந்தார். நெடுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு, பெரிதாக ஏதோ கேட்டுவிட்டவர் போல நிமிர்ந்து, நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னார். சுவரைப் பார்த்துப் பேசுகிற பைத்தியத்தைப் போல இருந்தது. ஒரு நகைச்சுவை சொன்னார். சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு அறை முழுக்கப் பரவியது. வெளியே அத்தை மூக்கைச் சிந்தியது கேட்டது.

தொகுப்பாளர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கண்களுக்குக் கீழே வீங்கியிருந்தது. அழுததாலா, வயதாலா தெரியவில்லை.

"நிறுத்தும்மா" என்றார்.

அவள் நிறுத்தவில்லை. இரண்டாவது நகைச்சுவை வந்தது.

"நிறுத்துன்னு சொல்றேன்ல!"

நிறுத்தினாள்.

"அவரு இருக்கட்டும்" என்றார் தொகுப்பாளர்.

"சார், மேலிடத்துல…" என்று ஆரம்பித்தார் சீஃப்.

"மேலிடத்துக்கிட்ட நான் பேசிக்கறேன்யா. முகம், சத்தம், விசில் எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஒரு மயிரையும் தொடாதீங்க." சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். அன்பினால் சொன்னாரா, பயத்தினால் சொன்னாரா என்று அவள் ஆராயவில்லை. அப்பாவின் நாற்காலி அப்பாவுக்கே என்று ஆகிவிட்டது. யார் எதற்காகக் கொடுத்தால் என்ன?

தொகுப்பாளர் போனில் பேசி முடித்துத் தலையை ஆட்டினார். சீஃப் கட்டிலில் உட்கார்ந்தார். அப்பாவின் சட்டை ஒன்றின் மேல்தான் உட்கார்ந்தார். அவள் அதை அவருக்கு அடியிலிருந்து உருவினாள்.

"அப்ப இதையே அனுப்பிடலாம்ல? டிஸ்க்க எடுத்துக்கறேன்."

"ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்கு சார்."

கடைசிப் பகுதிக்குப் போனாள். ஜெயித்தவர் பெயரை அறிவித்ததும் வரும் கைதட்டு. சேனலில் எந்தப் போட்டியாக இருந்தாலும், ஜெயிக்கிறவர் மேடைக்கு வரும்போது அந்த ஒரே கைதட்டைத்தான் போடுவார்கள். சத்தக்காரர் அதற்கு 'நல்லது' என்று பெயர் வைத்திருந்தார். அவ்வளவு முழுசாக, அவ்வளவு சூடாக வேறொன்று அமையவில்லை.

அது எங்கிருந்து வந்தது என்று சேனலில் இப்போது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவளுடைய பட்டப் படிப்புப் பரீட்சை முடிவு வந்த நாள். ஓடிப்போய் ஸ்டுடியோ கதவருகில் நின்று அப்பாவிடம் கை காட்டினாள். படப்பிடிப்பு இடைவேளை. அப்பா முக்காலியில் ஏறினார். "எங்க வீட்டுல மொத மொதல்ல ஒருத்தி பட்டம் வாங்கியிருக்கா. கேமரா ஓடல. இதுக்குப் பேட்டா கிடையாது. தட்டறவங்க தட்டலாம்" என்றார். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. யார் இவரைக் கேட்டது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. மைக் திறந்திருந்ததால் பதிவாகிவிட்டது. அப்பா முஷ்டியை மூடினார். கூட்டம் நின்றது. அதற்குப் பிறகு, முக்காலியில் நின்றபடியே, அவர் மட்டும் தனியாகத் தட்டினார். நிறுத்த யாரும் இல்லாததால் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டே இருந்தார்.

வேலைக்கு வந்த பிறகு அவள் அந்தக் கைதட்டை எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறாள். முஷ்டி மூடும் இடத்திலேயே கச்சிதமாக வெட்டிவிடுவாள். அதற்குப் பிறகு வரும் அப்பாவின் தனிக் கைதட்டு, அந்த வால், எவருக்கும் போனதில்லை.

இன்று அந்த வெட்டை இழுத்துத் திறந்தாள். கடைசி வரை.

சீஃப் ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டார். "கொஞ்சம் நீளமா இல்ல? கடைசியில ஏதோ தனியா ஒரு சத்தம் வருதே."

"இருக்கட்டும் சார்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். முதல் தடவையாகக் கண்ணைப் பார்த்தார். "சரி. நாளைக்கு வந்து…"

"நாளைக்கு லீவு சார். அப்பா செத்திருக்காரு."

எடுக்கிற நேரம் வந்தது. வண்டி தெருமுனையில் காத்திருந்தது. பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தொகுப்பாளர் ஒரு வார்த்தை பேசுகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்கு மனம் வரவில்லை.

"என்னோட ஒவ்வொரு மேடைக்கும் முன்னாடி ஒரு மனுஷன் நின்னாரு" என்று ஆரம்பித்தார். நன்றாகத்தான் பேசினார். மைக் இல்லாமலே தெருக்கோடி வரை கேட்கிற குரல். "என் முகம் உங்களுக்குத் தெரியும். என்னை உங்களுக்குப் புடிக்க வெச்ச அந்த முகம் உங்களுக்குத் தெரியாது. இன்னைக்கு அந்த மகா கலைஞன்…" என்று குரலை ஏற்றி, மோவாயைத் தூக்கி, ஒரு கணம் நிறுத்தினார். மேடையில் நிறுத்துவது போலவே.

அவ்வளவுதான். வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் படபடவென்று தட்டிவிட்டார்கள்.

தட்டியபிறகுதான் எங்கே இருக்கிறோம் என்பது அவர்களுக்கு உறைத்தது. முன்வரிசை அக்காவின் கண்கள் பயத்தில் விரிந்தன. ஆனால் கைகள் நிற்கவில்லை. பக்கத்து ஆள் நிறுத்தட்டும் என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொண்டே தட்டினார்கள். நிறுத்தச் சொல்லிப் பழகிய ஒருவர் பெட்டிக்குள் படுத்திருந்தார். தொகுப்பாளர் மோவாயைத் தூக்கியபடியே சிலையாக நின்றார்.

"அடப்பாவிங்களா! இது என்ன கூத்தாடா?" என்று அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள். எதிர் மாடியில் யாரோ சிரித்தார்கள்.

அம்மாவின் கையை மெல்ல எடுத்துவிட்டு, அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறினாள். நாற்காலி ஒரு பக்கம் ஆடியது. காலை அகட்டி ஊன்றிக்கொண்டாள். வலது கையை உயர்த்தினாள். எல்லாக் கண்களும் அந்தக் கைக்கு வந்தன. அவள் உடனே மூடவில்லை. சத்தம் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும். உச்சிக்குப் போகிற அந்த இடம் அவளுக்குத் தெரியும். தினமும் வெட்டுகிற இடம்தானே.

முஷ்டியை மூடினாள்.

அறுத்தது போல நின்றது. தெருவில் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. எதிர் மாடிக்காரர்கள் போன்களை இறக்கினார்கள். அத்தை கூட மார்பில் வைத்த கையை அப்படியே வைத்திருந்தாள்.

"இப்ப தூக்குங்க" என்றாள் அவள்.

தூக்கினார்கள். வழக்கமான ஆட்கள் எழுந்து, வரிசை கலையாமல், பின்னாலேயே நடந்தார்கள்.

எல்லாம் முடிந்து திரும்பிக் குளித்து, ஈரத் தலையோடு கூடத்தில் உட்கார்ந்தபோது ஏழு மணி ஆகிவிட்டிருந்தது. அப்பாவின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அதனால் எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். டிவியைப் போடுவதா வேண்டாமா என்று யாரும் பேசவில்லை. அம்மாவே எழுந்து போட்டாள். அத்தை முணுமுணுத்துவிட்டு, பிறகு எல்லோருக்கும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

தொகுப்பாளர் படியிறங்கி வந்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. நடுவில் விசில் விழுந்தது. தோற்ற பெண் தடுக்கிச் சுதாரித்தாள். மூன்றாவது வரிசையில் அப்பா வந்தார். தொடையில் அடித்துச் சிரித்தார். உயர்ந்த கை இந்த முறை தொடைக்கு வந்து சேர்ந்தது.

"அந்தச் சட்டைய போடாதீங்கன்னு அன்னைக்கே சொன்னேன்" என்றாள் அம்மா. "பட்டன் இல்லாதது பளிச்சுன்னு தெரியுது பாரு."

"யாரு பாக்கப் போறாங்க அண்ணி" என்றாள் அத்தை.

"நாம பாக்கறோமே."

ஜெயித்தவரின் பெயரைச் சொன்னார்கள். ஒரு பெண். அவள் முகத்தை மூடிக்கொண்டு மேடைக்கு ஓடி வந்தாள். காகிதப் பூக்கள் பொழிந்தன. கைதட்டு எழுந்தது. ஏறியது. கூடத்தின் சுவரெல்லாம் நிறைந்தது. பிறகு ஒரே வெட்டாக நின்றது.

நின்ற பிறகும் ஒரு சத்தம் மிச்சம் இருந்தது. தனியாக, அவசரமில்லாமல், ஒரு ஜோடிக் கைகள்.

அத்தை திரும்பிப் பார்த்தாள். "யாருடி அது? எல்லாரும் நிறுத்தியாச்சு, ஒருத்தன் மட்டும் இன்னும் தட்டிக்கிட்டு இருக்கான்."

அவள் ரிமோட்டை எடுத்து, சத்தத்தை ஒரு கோடு கூட்டினாள்.